மூச்சு எடுக்காத குழலுக்கு விருது

குழல்காரருக்கு விருது கிடைத்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடி வீடு. ஒரு கையில் காய்கறிப் பையும் சோப்புத்தூளும், இன்னொரு கையில் தொலைபேசி. இந்த ஆண்டின் இசைப்பதிவு விருதுகளில் சிறந்த தனி வாத்தியம் நீங்கள்தான் என்று விழாவை நடத்துகிற அம்மாள் சொன்னார். நடுவர்கள் எழுதியிருந்த குறிப்பையும் படித்துக் காட்டினார். மனித நுரையீரலின் எல்லையையே மாற்றி எழுதிய வாசிப்பு என்று போட்டிருந்தார்களாம். அந்த மனித நுரையீரல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் இரைத்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அந்த அம்மாள் மெதுவாகத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சந்தோஷமாவது மண்ணாவது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? விருது வாங்கப் போகிற அந்த வாசிப்பு அவருடையதே இல்லை.

நடந்தது இதுதான். போன வருடம் ஓர் இசையமைப்பாளர் அவரைப் பாட்டு ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார். பாட்டின் நடுவில் குழலுக்கு நீளமான இடையிசை. இசையமைப்பாளர் அதைக் கீபோர்டில் விரலால் தட்டித் தட்டி எழுதியிருந்தார். விரலுக்கு என்ன, மூக்கா இருக்கிறது? அது பாட்டுக்கு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. நிற்கிற பேச்சே இல்லை. குழல்காரர் கண்ணாடி அறைக்குள் நின்று ஊதினார். பாதியில் மூச்சு எடுத்தார். மறுபடி ஊதினார், மறுபடி அதே இடத்தில் எடுத்தார். இடத்தை மாற்றி எடுத்துப் பார்த்தார். கடைசியில் கண் இருட்டிக்கொண்டு வந்து, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இசையமைப்பாளர், அருமை சார், போதும் என்றார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பழகினவர்களுக்கு இந்தப் பாஷை தெரியும். இன்னொரு தடவை வாசியுங்கள் என்றால் நீங்கள் வேண்டும் என்று அர்த்தம். அருமை, போதும் என்றால் மூட்டையைக் கட்டுங்கள் என்று அர்த்தம். குழல்காரர் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனைக்குப் போவதற்குள், இசையமைப்பாளரிடம் வாசிக்கிற கீபோர்டுக்காரர் அந்த வேலையை முடித்துவிட்டார். கீபோர்டில் குழல் சத்தத்துக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வாசித்தால் காற்றும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆனால் யார் யார் என்னென்ன வாத்தியம் என்று அன்று காலையிலேயே தட்டச்சு செய்துவிட்டார்கள். அதைப் போய் மாற்றுவானேன் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பாட்டு வெளிவந்தபோது புல்லாங்குழல் என்பதற்கு நேராக அவர் பெயர் அசையாமல் நின்றது.

உலகத்தில் நடக்காத அநியாயம் ஒன்றும் இல்லை இது. குழல்காரரும் இதற்கெல்லாம் மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று துறையில் பேர் வாங்கினவர். வேலையில் பட்ட அவமானத்தையெல்லாம் சாயங்காலம் வீட்டில் மனைவிக்கு நடித்துக் காட்டுவார். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பார். அவமானம் அதோடு தீர்ந்துவிடும்.

மனைவி பொது நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர். ஊரெல்லாம் அவரைக் கோச்சம்மா என்று கூப்பிடும். கேட்டுக் கேட்டுப் பழகி வீட்டிலும் அதே பெயர்தான். கோச்சம்மாவுக்குப் பொய்யாக ஒரு நல்ல வார்த்தை சொல்ல வராது. பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளை கரையில் உட்கார்ந்து அழுதால், பரவாயில்லை கண்ணு என்று தேற்ற மாட்டார். திரும்பும்போது சுவரை உதைக்கவே இல்லை நீ என்பார். கல்யாணமான நாளிலிருந்து கணவரின் வாசிப்பைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கெட்டதாகவும் சொன்னதில்லை. உங்கள் சங்கீதமெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஈரத் துண்டை உதறிக் காயப்போடப் போய்விடுவார். குழல்காரர் அதையும் கிண்டலாக்கி நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. ஊரே கைதட்டினாலும் வீட்டில் ஒருத்தர் தலையாட்ட வேண்டும் என்று யாருக்குத்தான் இருக்காது?

பாட்டு வெளிவந்த வாரம் இந்தக் கதையையும் நடித்துக் காட்ட அவர் தயாராகத்தான் இருந்தார். கண் இருட்டினது, கம்பியைப் பிடித்தது எல்லாவற்றையும் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அதற்குள் கோச்சம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தலை ஈரம் காயவில்லை, காதில் இயர்போன், முகமெல்லாம் சிவப்பு. கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அந்த இடையிசையோடு சேர்ந்து தானும் மூச்சை அடக்கிப் பார்த்தாராம்.

"என்னாலயே முடியலைங்க. நான் தண்ணிக்குள்ளயே குடித்தனம் நடத்துறவ. நீங்க எப்படிங்க ஒரே மூச்சுல அவ்வளவு தூரம் போனீங்க?"

அப்படி ஒரு முகத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தார். அது நான் இல்லை என்று சொல்லத்தான் திறந்தார். எல்லாம் பழக்கம்தான் என்று வந்துவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அப்புறம் அதைத் திருத்த நேரமே கிடைக்கவில்லை என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நேரம் தாராளமாகக் கிடைத்தது. தினமும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கிடைத்தது. மனசுதான் வரவில்லை. சாப்பாடு போடும்போது கோச்சம்மா அவரை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்; அந்தப் பார்வையை விட மனசு வரவில்லை.

கோச்சம்மாவும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே குளத்தங்கரையில் ஒலிபெருக்கியில் அந்த இடையிசையைப் போட்டு, இது முடிகிற வரைக்கும் யார் தலையைத் தூக்காமல் இருக்கிறீர்கள் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் பந்தயம் வைத்தார். ஒரு பிள்ளையாலும் முடியவில்லை. இதை வாசித்தது யார் தெரியுமா என்று கேட்டு, பதிலையும் அவரே சொன்னார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். பெற்றவர்கள் கடைத்தெருவில் குழல்காரரை நிறுத்தி, மூச்சுப் பயிற்சி வகுப்பு எடுப்பீர்களா என்று விசாரித்தார்கள். 'மூச்சு சார்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. மூச்சு சார் அவர்கள் கண்ணில் படாமல் இருக்கப் பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் போனார். சுற்று வழி என்பதால் அதிலும் மூச்சு வாங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் விருது. விழா அம்மாள் மறுபடி அழைத்தார். இந்த வருடம் ஒரு புதுமை செய்திருக்கிறார்களாம். வாத்தியத்துக்குப் பரிசு வாங்குகிறவர் பரிசு பெற்ற பகுதியை மேடையிலேயே வாசித்துக் காட்ட வேண்டுமாம். குழல்காரர் தனக்கு ஜலதோஷம் என்றார். விழா அடுத்த மாதம்தானே சார் என்றார் அந்த அம்மாள். அப்போதும் இருக்கும் என்றார் குழல்காரர். எனக்கு அந்தத் தகுதி இல்லை, வாசித்தால் வராது என்றும் சொல்லிப் பார்த்தார். இவ்வளவு பெரிய கலைஞருக்கு எவ்வளவு அடக்கம் என்று அந்த அம்மாள் உருகிப்போனார். உண்மையைச் சொல்ல இவ்வளவு வசதியான காலம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. நம்பத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கே கீபோர்டுக்காரர் கூப்பிட்டார். இருவரும் ஒரே சமயத்தில் தொழிலுக்கு வந்தவர்கள், வாடா போடா பழக்கம். தன் உழைப்புக்கு இன்னொருத்தன் பரிசு வாங்குகிறானே என்று கோபமாக இருப்பாரோ என்று குழல்காரர் பயந்துகொண்டே எடுத்தார். அந்தப் பக்கம் சிரிக்கிற சிரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது. நான் வாசித்த வயலினுக்கு ஒருத்தன் வாங்கியாச்சு, டிரம்ஸுக்கு ஒருத்தன் வாங்கியாச்சு, குழல் ஒன்றுதான் பாக்கி இருந்தது என்றார். விழாவில் வாசிக்கிற இசைக்குழுவிலும் அவர்தான் கீபோர்டு. அதனால் யோசனையும் அவரே சொன்னார்.

"நீ குழலை வாயில வெச்சுக்கிட்டு விரலை மட்டும் ஆட்டுடா. காத்து விடாதே. சத்தத்தை நான் பார்த்துக்கறேன்."

ஊதுவதுதான் கஷ்டம், ஊதாமல் இருப்பதில் என்ன இருக்கிறது என்று குழல்காரரும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தினமும் ஊதாமல் சாதகம் செய்தார். உள்ளேயிருந்து சத்தமே வராததைக் கேட்டு, விழாவுக்காக மூச்சைச் சேமித்து வைக்கிறார் என்று கோச்சம்மா நினைத்துக்கொண்டார்.

நினைத்ததோடு விடவில்லை. போட்டிக்கு முன்னால் பயிற்சி வேண்டாமா என்று ஒரு காலை வேளையில் அவரைக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் கரையோரம் வரிசையாக நின்றார்கள். தொந்தியை எக்கிக்கொண்டு மூச்சு சார் படி வழியாகத் தண்ணீரில் இறங்கினார். பிள்ளைகளும் இறங்கினார்கள். விசில் ஊதியதும் எல்லாரும் முங்கினார்கள். உள்ளே போன வேகத்திலேயே மூச்சு சார் மேலே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால் குளத்தில் ஒரு தலையையும் காணோம். குழந்தைகள் ஒவ்வொன்றாக நிதானமாக எழுந்து, ஏற்கெனவே வெளியே நின்ற அவரைப் பார்த்து விழித்தன. குழலுக்கு உண்டான மூச்சு வேறு, தண்ணீருக்கு உண்டான மூச்சு வேறு என்று அவர் விளக்கம் சொன்னார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போயிற்று? ஆனால் பிள்ளைகள் நம்பினார்கள்.

கோச்சம்மாவும் நம்பினார். வயிற்றுவலி என்று ஒரு பிள்ளை சொன்னால் நாக்கை நீட்டு பார்க்கலாம் என்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் துண்டை எடுத்துக் கணவரின் தலையைத் துவட்டிக்கொண்டே, சாருக்குக் கூச்சம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். குழல்காரருக்கு அந்தக் குளத்திலேயே முங்கி எழாமல் இருந்துவிடலாம் போலிருந்தது. அதுவும் தன்னால் முடியாதே என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சொல்வதற்கு வாயையும் துடைத்துக்கொண்டார். கோச்சம்மா அவருக்குப் புதுச் சட்டை வாங்கி வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பிள்ளையின் வகுப்பையும் விடாதவர், விழாவுக்காக லீவு போட்டிருந்தார். முன் வரிசையில் உட்கார வேண்டும், நீங்கள் வாசிக்கிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். குழல்காரர் சட்டையைப் போட்டுப் பார்த்தார், அளவு சரியாக இருக்கிறது என்றார். எப்படியாவது இந்த ஒரு விழாவைக் கடந்துவிட்டால் போதும், அப்புறம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மனைவி தன்னை மதிப்பது இந்த ஒன்றுக்காகத்தான், இதுவும் போனால் திரும்ப வாங்க வேறு சரக்கு தன்னிடம் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விழா என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாடகர்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் சாயங்காலம், கேமராக்களோடு. வாத்தியக்காரர்களுக்கும் ஒலிப்பதிவாளர்களுக்கும் மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம். பெரிய அரங்கத்தில் முதல் நாலு வரிசையில்தான் ஆள் இருந்தது. பின்னால் ஒருத்தர் ஏணி போட்டு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். சிறந்த டிரம்ஸுக்குப் பரிசு வாங்க வந்தவர் மாமியாரோடு வந்து, மாமியார் தூங்கிவிட, எழுப்பலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார். சிறந்த ஒலிப்பதிவுக்குப் பரிசு வாங்கியவர் மேடையில் நின்று ஒரு தடவை கையைத் தட்டி, எதிரொலியைக் கேட்டு, இந்த அரங்கத்தில் மனுஷன் வேலை செய்வானா என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதுதான் அவருடைய நன்றியுரை. கோச்சம்மா முன் வரிசையில் நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விசிலும் டீ-ஷர்ட்டும் இல்லாமல் அவரைப் பார்க்கக் கணவருக்கே வேற்று மனுஷி போலிருந்தது.

நடுவர் குழுத் தலைவர் நுரையீரலைப் பற்றிய அந்தக் குறிப்பை மறுபடி படித்தார். கண்ணாடித் தட்டு ஒன்றை மரப்பலகையில் நிறுத்திய விருதைக் கொடுத்தார். குழல்காரர் அதை மேசை மேல் வைத்துவிட்டு, மைக்குக்கு முன்னால் வந்து, குழலை உதட்டில் வைத்துக்கொண்டார். திரும்பிக் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடித் திறந்தார். இடையிசை ஆரம்பித்தது.

சொல்லக்கூடாது, அமோகமாக இருந்தது. சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து குழைந்து குழைந்து வர, விரல் அதற்கு ஏற்றபடி ஆட, குழல்காரருக்கே தான்தான் வாசிக்கிறோம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அங்கேதான் வினை. இத்தனை வருடமாக ஊதின உடம்பு அது. மனசுக்குத்தான் நடிப்பு என்று தெரியும், உடம்புக்கு யார் போய்ச் சொன்னார்கள்? எந்த இடத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் மூச்சு முட்டியதோ அதே இடம் வந்தது. தோள் தன்னால் உயர்ந்தது. குழல் உதட்டை விட்டுத் தன்னால் இறங்கியது. வாயைத் திறந்து, மைக்குக்கு நேராக, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, ஹா என்று ஒரு மூச்சை இழுத்தார்.

குழல் சத்தம் நிற்கவில்லை. குழல் அவர் மோவாய்க்குக் கீழே தொங்குகிறது, வாய் ஆவென்று திறந்திருக்கிறது, இசை பாட்டுக்கு ஓடுகிறது. குளியலறையில் பழகும்போதும் அவர் இதே இடத்தில் மூச்சு எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அங்கே சத்தமே இல்லாததால் அவருக்கே அது தெரியவில்லை.

இதோடு போயிருந்தால்கூட கண் அசந்த நேரம், யாரும் கவனிக்கவில்லை என்று தப்பித்திருக்கலாம். கீபோர்டுக்காரருக்கும் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் நிற்கிறவர் மூச்சு எடுத்தால் பின்னால் வாசிக்கிறவர் காத்திருக்க வேண்டும். அது அவர் விரலில் ஊறின மரியாதை. குழல் இறங்கியதைப் பார்த்ததும் அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். குழல்காரர் பதறிப்போய்க் குழலை மறுபடி உதட்டில் வைத்தார். குழல் இல்லாதபோது வந்த சத்தம், குழல் வந்ததும் நின்றுபோனது. இருவரும் ஒருவரை ஒருவர் பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டார்கள். நீ வாசி என்று இவர் கண்ணைக் காட்ட, நீ வாசி என்று அவர் கண்ணைக் காட்டினார். அரங்கத்தில் ஏணிக்காரர்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் குழல்காரர் ஊதினார். உண்மையாகவே ஊதினார். நாக்கு உலர்ந்திருந்தது. மேலே ஏறும்போது குழல் கீச்சிட்டது. நடுவில் இரண்டு மூன்று தடவை திணறி, விட்ட இடத்தைப் பிடித்து, எப்படியோ தட்டுத்தடுமாறி மிச்சத்தை முடித்தார். கைதட்டல் கேட்டது. ஒலிபெருக்கியில் சிறு கோளாறு, மன்னிக்கவும் என்று விழா அம்மாள் அறிவித்தார். மைக்கைக் கவனிக்கிறவர் ஓரத்திலிருந்து இரண்டு கையையும் விரித்து, நான் என்ன செய்தேன் என்று யாரிடமோ முறையிட்டார். நடுவர் தலைவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்; பதிவில் இல்லாத அந்த மௌனத்தை மேடையில் சேர்த்தீர்களே, அங்கேதான் நீங்கள் நிற்கிறீர்கள் என்றார். குழல்காரர் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார்.

ஊரையெல்லாம் ஏமாற்றியாயிற்று. முன் வரிசையில் ஒருத்தரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. மூச்சு எப்போது உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது என்று பார்ப்பதே கோச்சம்மாவின் பிழைப்பு. அவர் கைதட்டவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கீபோர்டுக்காரரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழல்காரர் இறங்கி வரும் வழியில் மைக்கைக் கவனிக்கிறவரிடம் போய், உங்கள் மேல் தப்பு இல்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றார். தெரியும் சார், என் மைக்கில்தானே உங்கள் மூச்சு கேட்டது என்றார் அவர்.

கோச்சம்மா ஸ்கூட்டரை எடுத்தார். குழல்காரர் பின்னால் உட்கார்ந்து விருதை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பலகையின் முனை வயிற்றில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டார். மனைவியின் ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து பார்த்து அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அது நான் இல்லை என்று ஹெல்மெட்டிடம் சொன்னார். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது உரக்கச் சொன்னார். பக்கத்து வண்டிக்காரர் திரும்பி, நான் உங்களை ஒன்றும் சொல்லவில்லையே என்றார்.

சிக்னலைத் தாண்டி, சாத்தியிருந்த டயர் கடை ஒன்றின் ஓரத்தில் கோச்சம்மா வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். குழல்காரர் இறங்கி எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி அறை, அருமை போதும், குழல் பொத்தான், கீபோர்டுக்காரரின் யோசனை, குளியலறை, ஒன்று விடவில்லை. எப்போதும்போல நடித்துக் காட்ட வரவில்லை. மைக் கம்பியைப் பிடித்த இடம் வந்தபோது கை தன்னால் உயர்ந்தது. அதை இறக்கிவிட்டுச் சொல்லி முடித்தார். கோச்சம்மா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"கல்யாணம் ஆனதிலேருந்து ஒரே ஒரு தடவைதான் உங்களைப் பாராட்டினேன்," என்றார் கோச்சம்மா. "அதையும் போயும் போயும் ஒரு பொத்தானுக்குக் கொடுத்திருக்கேன்."

"தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன். ஆசையா இருந்துச்சு."

கோச்சம்மாவுக்கு ஆற்றாமை தீரவில்லை. நாளைக்குப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது, எத்தனை பிள்ளைகளிடம் உங்களைப் போல வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன் என்று கேட்டார். நானே குளத்துக்கு வந்து சொல்லிவிடுகிறேன் என்றார் குழல்காரர். சொல்லித்தான் ஆக வேண்டும், நான் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்றார் கோச்சம்மா. விருதை இப்படியே கீபோர்டுக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது, விழா அம்மாளிடம் அவர் நம்புகிற வரைக்கும் உண்மையைச் சொல்வது என்று முடிவாயிற்று. குழல்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இனி வீட்டில் மிஞ்சிய காலத்துக்குத் தலையாட்டுவது ஒன்றுதான் தனக்கு உத்தியோகம் என்று நினைத்தார்.

கோச்சம்மா ஹெல்மெட்டை எடுத்தவர் போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நடுவுல சத்தம் நின்னு போச்சே, அதுக்கப்புறம் வாசிச்சது யாரு?"

"அது நான்தான்."

"முழுக்க நீங்களேதானா?"

"முழுக்க நான்தான். கீச்சுன்னு கேட்டுச்சே, அதுவும்."

கோச்சம்மா யோசித்தார். இரக்கப்பட்டு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடப் போகிறாரே என்று குழல்காரர் பயந்தார். அந்தப் பிச்சையும் வாங்கிக்கொண்டு இந்த ரோட்டோரத்தில் நிற்க வேண்டி வருமோ என்று கூசிப்போனார்.

"நல்லா இல்லைங்க," என்றார் கோச்சம்மா. "மேல போறப்ப வெறும் காத்துதான் வந்துச்சு. எப்படா முடிப்போம்னு அவசரப்பட்டீங்க. மூச்சு எடுக்க வேண்டிய இடத்துல வீம்புக்கு எடுக்காம, அடுத்த இடத்துக்குப் போய்த் திணறினீங்க."

இத்தனை வருடத்தில் குழல்காரர் தானே வாசித்ததைப் பற்றி அவர் மனைவி பேசியது அதுதான் முதல் தடவை. விருதை டயர் கடைப் படியில் வைத்துவிட்டுப் பையைத் திறந்து குழலை எடுத்தார்.

"எந்த இடத்துல? இரு, திரும்ப வாசிக்கிறேன். அந்த இடம் வந்ததும் சொல்லு."